தெரியாத விதி

அஜிலிட்டி என்ற நாய் விளையாட்டில் ‘டாக்வாக்’ என்று ஒரு தடை உண்டு. மூன்று பலகைகள்: ஒன்று ஏற, ஒன்று மேலே குறுக்காக, ஒன்று இறங்க. ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், அகலம் ஒரு அடி. நடுப்பலகை 1.2 மீட்டர் உயரத்தில், ஒரு சராசரி ஆளின் இடுப்புக்கு மேலே இருக்கும். நன்றாகப் பழகிய ஒரு பார்டர் காலி இந்தப் பாலத்தை இரண்டு வினாடிக்குள் கடந்துவிடும். இறங்கும் பலகையின் கடைசி 90 சென்டிமீட்டருக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருப்பார்கள். அந்த மஞ்சளில் நாயின் ஒரு காலாவது பட வேண்டும். படாமல் தாவிவிட்டால் ஐந்து தவறுப் புள்ளிகள். வினாடியில் நூறில் ஒரு பங்குக்காகப் பதக்கம் கைமாறுகிற விளையாட்டில் ஐந்து புள்ளி போனால், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

விதி எளிது. சிக்கல் என்னவென்றால், யாருடைய கால் அந்த மஞ்சளில் பட வேண்டுமோ, அதற்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

இந்த விளையாட்டுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1978ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் நடுவே கூட்டத்தை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் துணையோடு, குதிரைகள் தடை தாண்டும் போட்டியின் சாயலில் நாய்களுக்கு ஒன்றை அமைத்தார். இடைவேளைக்கு வந்த சரக்கு முக்கியச் சரக்கானது. 1996 முதல் உலகக் கோப்பைப் போட்டியே நடக்கிறது. தாண்டும் கம்பிகள், சுரங்கக் குழாய், வளைந்து நெளிந்து போகும் குச்சி வரிசை ஆகியவற்றோடு நாய் கால் வைத்து ஏறி இறங்க வேண்டிய மூன்று தடைகளும் உண்டு: கூரை மாதிரி நிற்கும் ஏ-ஃபிரேம், டாக்வாக், சீசா. இவற்றைத்தான் ‘கான்டாக்ட்’ தடைகள் என்கிறார்கள். மஞ்சள் பட்டை இவற்றில்தான்.

பட்டை எதற்கு? நாயின் பாதுகாப்புக்கு. ஓடிவரும் வேகத்தில் உயரத்திலிருந்து அப்படியே பறந்து குதித்தால் முழு எடையும் முன்னங்கால்களிலும் தோள்பட்டையிலும் போய் இறங்கும். அதனால் கீழ்ப்பகுதி வரை ஓடி வந்துதான் தரையைத் தொட வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நாலு கால் பாய்ச்சலில் ஓடும் ஒரு பெரிய நாயின் ஒரு எட்டு 90 சென்டிமீட்டரைவிட நீளம். அதன் உடம்புக்கு இயல்பாக வருவது, அந்தப் பட்டைக்கு மேலாகவே கிளம்பிப் பறந்துவிடுவதுதான். ஆக, உடம்பின் நன்மைக்காகப் போட்ட விதி அந்த உடம்பின் இயல்புக்கு எதிராகவே இருக்கிறது. நம் ஊர் நீதி நூல்கள் முக்கால்வாசியும் இப்படித்தானே.

“மஞ்சள் கலர் நாய்க்குத் தெரியாதா?” என்று கேட்கலாம். தெரியும். நாயின் கண்ணில் நிறம் காணும் செல்கள் இரண்டு வகை. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகவே பிரிந்து தெரியும். சிவப்பும் பச்சையும்தான் குழம்பும். ஆனால் நிறம் தெரிவது வேறு, அந்த நிறத்துக்கு ஒரு சட்ட அந்தஸ்து இருப்பது தெரிவது வேறு. சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை மாடும் பார்க்கத்தான் செய்கிறது.

சரி, தெரியாத விதியை ஒரு உயிர் எப்படிக் கடைப்பிடிக்கும்? பயிற்சியாளர்கள் இதற்கு இரண்டு பெரிய வழிகள் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற வேறுபாடு, நாய்களோடு முடிந்துபோகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் வழி, நிறுத்துவது. பலகையின் முடிவில் பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில் என்ற நிலையில் நாய் நிற்க வேண்டும். விடுவிக்கும் சொல் வந்தால்தான் நகரலாம். இங்கே பயிற்சியாளர் செய்வது ஒரு மொழிபெயர்ப்பு. ‘மஞ்சளைத் தொடு’ என்பது நாய்க்குப் புரியாது. ‘இந்த நிலையில் நில், சொன்னதும் போ’ என்பது புரியும். நின்றோமா இல்லையா என்று நாய்க்கே தெரியும். சொல் வருவதற்கு முன் கிளம்பிவிட்டால் அதன் முகத்தில் ஒரு கணம் ‘ஐயோ’ என்று ஒரு பார்வை வரும் என்று நாய் பழக்குகிறவர்கள் சொல்வார்கள். அது குற்ற உணர்வா, நம் முகத்தைப் படித்து வந்த பயமா என்பது தனி விவாதம். எப்படியோ, இந்த வழியில் விதி இரண்டு பக்கமும் தெரிந்த ஒன்றாகிறது. கெடுதல் என்னவென்றால் நேரம் போகும். அதோடு, முழு வேகத்தில் சரிவில் வந்து சடக்கென்று நிற்கும்போது, எந்தத் தோள்பட்டையைக் காப்பாற்ற விதி வந்ததோ அந்தத் தோள்பட்டைதான் அடி வாங்குகிறது.

இரண்டாவது வழி, ஓடவிடுவது. ‘ரன்னிங் கான்டாக்ட்’ என்று பெயர். நாய் நிற்காது, வேகத்தையும் குறைக்காது. ஆனாலும் அதன் கால் பட்டையில் விழும். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த சில்வியா டர்க்மான், ஒன்றுக்கு மேற்பட்ட முறை உலகப் போட்டியில் வென்றவர், இந்த வழியைப் பரவலாக அறியச் செய்தவர்களில் முக்கியமானவர். செய்முறை கேட்பதற்குச் சாதாரணம். பலகையைத் தரையில் போடு. நாய் அதன்மேல் முழு வேகத்தில் ஓடட்டும். கடைசிப் பகுதியில் தாவாமல் ஓட்டமாகவே கால் வைத்து இறங்கினால் உடனே பரிசு, ஒரு பொம்மையோ பந்தோ. தாவினால் ஒன்றும் கிடையாது, திட்டும் கிடையாது. திரும்ப ஓடு. நன்றாக வந்தால் பலகையின் ஒரு முனையைச் சில சென்டிமீட்டர் உயர்த்து. கெட்டுப்போனால் மறுபடி இறக்கு. இப்படி நூற்றுக்கணக்கில், பல நாய்களுக்கு ஆயிரக்கணக்கில்.

இதில் நாய் என்ன கற்றுக்கொள்கிறது? மஞ்சளை அல்ல. பல பயிற்சிப் பலகைகளில் மஞ்சளே இருக்காது. ‘பலகையின் மேல் இப்படி ஓடினால் பொம்மை வருகிறது’ என்கிற ஒரு உடலசைவைத்தான் அது கற்கிறது. அந்த அசைவு இருந்தால் கால் தானாகப் பட்டையில் விழும். ‘விழட்டும்’ என்ற எண்ணம் நாய்க்கு இல்லை. கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டியவர் மனிதர்தான். அரை வினாடிக்கும் குறைவான நேரத்தில் அது ஓட்டமா தாவலா, பின்னங்கால் இரண்டும் தனித்தனியே விழுந்தனவா சேர்ந்து உந்தினவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தவறான எட்டுக்கு ஒருமுறை பரிசு கொடுத்துவிட்டால் நாய்க்கு அது பொய்த் தகவல். இரண்டு மூன்று முறை பொய் சொன்னால் ஓட்டமே கலங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு ஓட்டத்தையும் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்.

இடைப்பட்ட வழிகளும் உண்டு. பலகையில் சின்னச் சின்னத் தடுப்புகளை வைத்து, நாயின் எட்டு தானாகவே சரியான இடத்தில் விழும்படி செய்வார்கள். பழகிய பின் தடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். நம் தெருவில் இருக்கிற ஸ்பீடு பிரேக்கர் மாதிரி. ‘பள்ளிக்கூடம், மெதுவாகச் செல்லவும்’ என்ற பலகை நம் அறிவோடு பேசுகிறது. ஸ்பீடு பிரேக்கர் நம் முதுகெலும்போடு பேசுகிறது.

இங்கேதான் கேள்வி. நின்று கீழ்ப்படிகிற நாயையும், ஒன்றும் தெரியாமல் சரியாக ஓடுகிற நாயையும் ஒப்பிட்டால், விதியைக் கடைப்பிடிப்பது எது?

1785ல் வந்த தன் அறவியல் நூலில் கான்ட் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். விவரம் தெரியாத வாடிக்கையாளரிடம்கூட அதிக விலை வாங்காதவர். ஆனால் அது நேர்மைக்காக இருக்க வேண்டியதில்லை. கடைக்கு நல்ல பெயர் வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம். செயல் கடமைக்கு ஒத்துப்போகிறது, கடமையிலிருந்து பிறக்கவில்லை என்பது கான்ட்டின் கணக்கு. அந்தக் கணக்கில் ஓடுகிற நாய்க்குப் பூஜ்யம்தான். கடைக்காரருக்காவது விதி தெரியும்.

ஆனால் இந்தக் கணக்கு மனிதர்களுக்கே முழுசாகப் பொருந்துமா? மூன்று வயதுக் குழந்தை ‘அப்பா வந்தாங்க, பூனை வந்துச்சு’ என்று சரியாகத்தான் சொல்கிறது. உயர்திணை, அஃறிணை என்று அதற்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கில்பர்ட் ரைல் 1949ல் எழுதிய புத்தகத்தில், ‘இன்னது என்று தெரிவது’, ‘எப்படி என்று தெரிவது’ என அறிவை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது முதலாவதற்குக் கடன்பட்டதல்ல என்று வாதிட்டார். நீச்சல் தெரிந்தவருக்கு மிதப்பின் விதி தெரிய வேண்டியதில்லை. நம் நல்ல குணங்களில் பெரும்பகுதியும் இப்படி வந்தவைதான். பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிற உடம்பு, காரணம் கேட்டு எழுந்திருப்பதில்லை. காரணம் பிறகு வருகிறது, சிலருக்கு வராமலே போகிறது.

ஆகவே, தெரியாமல் செய்ததால் நாயின் ஓட்டம் மட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கவும் முடியாது. குழந்தைக்கு ஒரு நாள் ‘ஏன்?’ என்று கேட்க வாய் வரும். ‘ஏன் வலது கையால்தான் கொடுக்கணும்? ஏன் அவர் முன்னாடி உட்காரக் கூடாது?’ கேட்கிற நாளில் சில பழக்கங்கள் நிற்கும், சில உதிரும். உதிர வேண்டியவை உதிர்வது அந்தக் கேள்வியால்தான். நாய்க்கு அந்த நாள் வரவே வராது. நாம் அதன் உடம்பில் எழுதியதை அது ஒருபோதும் எடுத்துப் படித்துப் பார்க்காது.

இதிலிருந்து உடனே வருகிற முடிவு ஒன்று உண்டு. விதி தெரியாதவன் விதியை மீற முடியாது. கால் படாமல் போனால் அது நாயின் குற்றமல்ல. பயிற்சியில் எங்கோ பொய்த் தகவல் போயிருக்கிறது என்பதன் செய்தி. போட்டியும் இதைத் தன் வழியில் ஒப்புக்கொள்கிறது. தவறுப் புள்ளி நாய், மனிதர் என்று பிரித்து எழுதப்படுவதில்லை, ஜோடிக்கு எழுதப்படுகிறது. நல்ல பயிற்சியாளர்கள் நாயைத் திட்டாமல் வீடியோவைத் திரும்பப் பார்ப்பதும் இதனால்தான்.

ஆனால் ‘நாய் மேல தப்பே கிடையாது’ என்று முழுக்க விடுவித்துவிடுவதிலும் ஒரு அவமரியாதை இருக்கிறது என்று சொன்னவர் ஒருவர் உண்டு. விக்கி ஹெர்ன், கவிஞர், நாய் குதிரை பழக்கியவர், தத்துவம் படித்தவர். 1986ல் வந்த ‘ஆடம்ஸ் டாஸ்க்’ என்ற நூலில், பயிற்சி என்பது விலங்கை ஒரு அற உறவுக்குள் கொண்டுவருவது என்று எழுதினார். ஒரு நாயிடம் எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது அன்பு ஆகிவிடாது. அதனால் முடியும் என்று நம்பி எதிர்பார்ப்பதே மரியாதை என்பது அவர் நிலை. அவர் சார்ந்த பயிற்சி மரபு கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுப்பதை ஏற்ற மரபு. அதை இன்று பலரும் ஏற்கமாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஆனாலும் அவருடைய கேள்வி செத்துப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் பயிற்சியாளர்தான் பொறுப்பு என்றால், பலகையில் ஓடுவது யார்? வெறும் பொம்மையா?

இதற்கு விடை வேறொரு திசையிலிருந்து வருகிறது. ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரிலேண்டும் மரியன் பிரிலேண்டும், பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைத் தொழிலாகவே நடத்தியவர்கள். பல்வேறு விலங்குகளைப் பழக்கிய அனுபவத்தில் 1961ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு ரக்கூன் வருகிறது. காசை எடுத்து உண்டியலில் போட வேண்டும், போட்டால் தீனி. ஒரு காசு வரை ஒருமாதிரி சரியாக இருந்தது. இரண்டு காசு கொடுத்ததும் அது உண்டியலில் போடாமல், காசுகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. தீனி வரவில்லை என்றாலும் தேய்த்தது. நாளாக நாளாக இன்னும் அதிகமாகத் தேய்த்தது. இரையைக் கையில் வைத்து உருட்டித் தேய்க்கிற அதன் பிறவி வழக்கம், பயிற்சியை மீறிக்கொண்டு மேலே வந்துவிட்டது. எந்த உயிரையும் எதுவாகவும் வடிக்கலாம் என்று நம்பிய ஒரு காலத்துக்கு அந்த ரக்கூன் சொன்ன பதில் அது.

பலகையின் முடிவில் தாவிவிடுகிற நாயும் அப்படி ஒன்றைச் சொல்கிறது. அதற்கு விதி தெரியாது, உண்மை. ஆனால் அதற்கு ஒரு உடம்பு இருக்கிறது. அந்த உடம்புக்குச் சொந்தமாக ஒரு விருப்பம் இருக்கிறது. விலங்கிடம் நாம் கேட்கக்கூடிய ‘மாட்டேன்’ பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும்: கலங்கிய ஓட்டம், பலகைக்கு முன்னால் ஒரு தயக்கம், பயிற்சி நடுவே திரும்பிப் போய்ப் புல்லை முகர்வது. அதைப் பிழை என்று மட்டும் எழுதிக்கொள்பவருக்கு ஒன்றும் கேட்காது.

“அதெல்லாம் சரிங்க, நாய் எவ்வளவு சந்தோஷமா ஓடுதுன்னு பாருங்க. வேறென்ன வேணும்?” என்பார்கள். பார்த்தால் மறுக்க முடியாதுதான். காது பின்னால் மடங்க, வயிறு தரையோடு தரையாக, கத்திக்கொண்டு ஓடுகிறது. ஆனால் இந்தச் சந்தோஷத்தைச் சம்மதக் கையெழுத்தாக வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பார்டர் காலி, ஆட்டு மந்தையை நாள் முழுக்கத் திருப்புவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம். வேலையை நிறுத்தத் தெரியாததே அதன் சிறப்பு. தோளில் வலி இருந்தாலும் அது அதே சந்தோஷத்தோடு ஓடும். அஜிலிட்டி நாய்களில் தோள்பட்டைக் காயங்கள் அதிகம் என்று கால்நடை மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே அதன் மகிழ்ச்சி உண்மை; ஆனால் அதன் நலத்துக்கு அந்த மகிழ்ச்சி சாட்சி சொல்லாது. மஞ்சள் பட்டை வந்ததே, நாய் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளாது என்பதால்தான்.

இப்போது பட்டைக்கே திரும்பிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். நடுவர் பார்ப்பது காலை, தோளை அல்ல. நுனி விரல் பட்டையில் பட்டுவிட்டு ஒரு நாய் முரட்டுத்தனமாகத் தரையில் விழலாம். அதற்குத் தவறுப் புள்ளி கிடையாது. இன்னொன்று பட்டைக்கு இரண்டு விரற்கடை மேலே கிளம்பி மெத்தென்று இறங்கலாம். அதற்கு ஐந்து புள்ளி போகும். நலத்துக்கு அடையாளமாக வந்த பட்டை, நலத்தின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அந்த அடையாளத்தைப் பிடிப்பதற்காக ஆயிரம் முறை ஓடவைப்பதில் மூட்டு தேய்ந்தால், விதி ஜெயித்தது, விதி வந்த காரணம் தோற்றது. மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையின் தூக்கத்தைப் பிடுங்குகிற வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டோனா ஹாராவே தன் கேயென் என்ற நாயோடு அஜிலிட்டி ஓடியவர். 2008ல் வந்த ‘வென் ஸ்பீசீஸ் மீட்’ நூலில் இந்தக் கான்டாக்ட் தடைகளைப் பற்றியே ஒரு அத்தியாயம் எழுதினார். ‘கான்டாக்ட் ஸோன்’ என்ற சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு: சமமில்லாத அதிகாரம் கொண்ட மக்கள், காலனிய வரலாற்றில் போல, ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும் இடத்தைக் குறிக்க மேரி லூயிஸ் பிராட் பயன்படுத்திய சொல் அது. ஹாராவே இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார். அந்த மஞ்சள் பட்டையில் நடப்பது விளையாட்டுதான். ஆனால் விதி, பரிசு, நேரம், நிறுத்தம் எல்லாம் ஒரு பக்கத்தின் கையில் இருக்கிற விளையாட்டு. சமமில்லாத இடத்தில் நேர்மை சாத்தியமா என்பதுதான் அங்கே கேள்வி.

சாத்தியம் என்றே நினைக்கிறேன். அதற்குத் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. நாயைப் பயிற்றுவிப்பதை ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லின் லத்தீன் வேர் ‘இழு’ என்பது. நாம் ‘பழக்குவது’ என்கிறோம். பழக்கு என்பதன் தன்வினை பழகு. ஒரு வேலையைப் பழகலாம், ஒரு மனிதரோடும் பழகலாம். பயிற்சிக்கும் நட்புக்கும் ஒரே சொல். பழமையும் அதே வேரில் வருவதுதான். குறளில் ‘பழைமை’ என்று ஒரு அதிகாரம் முழுக்க, நெடுநாள் பழகியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றியது. கேட்காமல் எடுக்கிற உரிமை அது. ஆனால் பழகிய காலத்தால் சம்பாதித்த உரிமை.

நாயிடம் நாம் எடுப்பதும் கேட்காமல் எடுக்கிற உரிமைதான். கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது. அந்த உரிமை எங்கிருந்து வரும்? நாமும் அதனிடம் பழகியிருந்தால் வரும். ஓடவிடுகிற முறையில் என்னை ஈர்ப்பது அதன் வேகம் அல்ல. ஓட்டத்துக்கும் தாவலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க ஒரு மனிதர் மாதக்கணக்கில் நாயின் பின்னங்காலையே உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான். அப்படிப் பார்க்கிற கண்ணுக்கு, நேற்றைவிட இன்று இடது கால் அரை நொடி தயங்குவதும் தெரியும். தெரிந்த பின் பலகையை இறக்கினாரா, ‘இன்னும் பத்தே பத்து தடவை’ என்றாரா என்பதில் அவர் யாரென்று தெரிந்துவிடும்.

குழந்தை ‘ஏன்’ என்று கேட்கும், நாய் கேட்காது என்று பார்த்தோம். ஒரு உறவில் ஒரு தரப்பால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது என்றால், மற்றத் தரப்பு அதை இரண்டு பேருக்காகவும் கேட்டாக வேண்டும். ஏன் இத்தனை முறை? ஏன் இந்த உயரம்? ஏன் இந்த வயதில்? எஃப்.சி.ஐ. விதிகள் 18 மாதம் நிரம்பாத நாயைப் போட்டியில் விடுவதில்லை. அது ஒரு அமைப்பு நாய்க்காகக் கேட்டுக்கொண்ட ஒரு ‘ஏன்’. ஆனால் போட்டி வளையத்துக்கு வெளியே, ஆளில்லாத மைதானத்தில், சாயங்கால வெளிச்சத்தில் பயிற்சி நடக்கும்போது நடுவர் இல்லை, விதிப்புத்தகமும் இல்லை. பலகையில் மஞ்சள்கூட இல்லை. பொம்மைக்காகத் திரும்பி நிற்கிற நாய்க்கு இன்னும் நூறு முறை ஓடச் சம்மதம். அங்கே போதும் என்று சொல்ல வேண்டியவர் ஒருவர்தான் இருக்கிறார்.